மூன்று பெட்டியும் ஒரு கூஜாவும்

பிரயாணம் என்று சொன்னதும் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "எத்தனை உருப்படி?" என்பதுதான். வாசலில் மாட்டு வண்டி வந்து நின்ற நாளிலும் இதே கேள்வி; கைப்பேசியில் கூப்பிட்ட மோட்டார் வந்து நிற்கும் இந்நாளிலும் இதே கேள்வி. ரயில் நகர்ந்த பிறகுங்கூட, "பெட்டி மூன்று, பை இரண்டு, கூஜா ஒன்று" என்று விரல் மடக்கி எண்ணிக் கொண்டிருப்பவர் வீட்டு எஜமானர். அவற்றையெல்லாம் மூன்று நாள் கண் விழித்துக் கட்டி முடித்தவள் வீட்டு எஜமானி. அவற்றைத் தூக்கி ஏற்றியவர் சிவப்புச் சட்டைப் போர்ட்டர். இம்மூவரில் எவருமே, "இவ்வளவும் எதற்கு?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் தமக்கையின் மகள் சென்ற ஆண்டு மேற்படிப்புக்காகத் தில்லிக்குப் புறப்பட்டாள். தனியாகத்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் துணையின்றி அத்தனை தூரம் போவது அதுவே முதல் தடவை. புதுச்சேரியிலிருந்து தில்லிக்கு நேரே செல்லும் ரயில் வாரத்தில் ஒரு நாள் உண்டு. ஒன்றரை நாளுக்கு மேல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தமக்கை ஒரு மாதம் முன்னதாகவே ஜாபிதா போட்டுவிட்டாள். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. கடைசி வரியில், "பெட்டி 3, புதிதாக" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள்.

"நீ நாலு இடம் போய் வந்தவள். இவளைப் பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்துவிடு" என்றாள்.

பெரிய மார்க்கெட்டை அறியாத புதுச்சேரிவாசி இல்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்லுகிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் துய்ப்ளேக்ஸ் வீதி என்று வழங்கி, இப்போது நேரு வீதி என்று பெயர் பெற்றிருக்கும் கடைத் தெருவின் ஓரத்தில், மணிக்கூண்டோடு கூடிய பழைய அங்காடி அது. 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்பது சர்க்காரின் ஏட்டில் உள்ள பெயர். ஜனங்களுக்கு என்னவோ அது பெரிய மார்க்கெட்டுதான். பூ, காய்கறி, மளிகை, மீன், கருவாடு, பாத்திரம், கயிறு, கூடை என்று ஒன்றின் வாசனை ஒன்றோடு கலந்து, எந்தச் சந்தில் நிற்கிறோம் என்பதை மூக்கே சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மகாத்மா காந்தி வீதி முழுவதும் நடைபாதைச் சந்தையாகிவிடுகிறது. பெட்டியும் பையும் அங்கே குவியலாகக் கிடக்கும். கூட்டத்தில் இடிபட விருப்பமில்லாமல் நாங்கள் சனிக்கிழமை காலையிலேயே போனோம்.

மீன் அங்காடிப் பக்கம் நுழையும்போதுதான் இந்தக் கட்டுரைக்கு வித்து விழுந்தது. ஒரு வயதான அம்மாள் பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, மீன் கூடையின் அருகில் நின்றிருந்தாள். என் பெண் குனிந்து ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டாள். கூடை தலையில் உட்கார்ந்ததும், நிமிர்ந்த முதுகோடு அந்த அம்மாள் நடந்த நடையைப் பார்க்க வேண்டும்!

"ரொம்ப பாரமா, ஆயா?" என்று பெண் கேட்டாள்.

"ஏத்த ஒரு கை, எறக்க ஒரு கை வேணும் கண்ணு. நடுவுல நான் யாரையும் கேக்க மாட்டேன்" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அங்கேயே ஒரு தூணோரம் நின்று தமக்கையின் ஜாபிதாவைப் பிரித்தேன். ஏற்றவும் இறக்கவும் மட்டுமல்ல, நடுவில் நடக்கவும் ஆள் வேண்டிய சாமான் அது. அதிலும் ஒரு வேடிக்கை. தில்லியில் இருக்கும் ஒன்றுவிட்ட மாமாவுக்கு அப்பளம் இரண்டு கட்டு. மாமிக்குச் சுங்குடிச் சேலை. அவர்கள் அண்டை வீட்டாருக்கு முறுக்கு. மாமாவின் சம்பந்தி வீட்டுக்கு ஒரு வெண்கலக் குத்துவிளக்கு. குழம்புத் தூள் நான்கு கிலோ. தலையணை. ஏழு பட்டுச் சேலை. பாட்டியின் கூஜா. பென்சிலை எடுத்துப் பெண்ணுக்கே உரியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். மூன்று பெட்டியில் ஒரு பெட்டிகூட நிரம்பாது போலிருந்தது. மீதி இரண்டும் ஊராருடைய பிரயாணம். இவள் கூலியில்லாத போர்ட்டர்!

நம் பெண்களின் மூட்டை ஏன் பெரிதாக இருக்கிறது என்று ஆண்கள் பரிகாசம் செய்வதுண்டு. அவிழ்த்துப் பார்த்தால் பரிகாசம் செய்தவருடைய சவரக் கத்தியும் செருப்பும் அதற்குள்ளேதான் இருக்கும்.

இதை நான் வீம்புக்குச் சொல்லவில்லை; பட்டறிவால் சொல்லுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஆசிரியப் பயிற்சிக்காக நான் மதுரைக்குப் போனபோது என்னிடம் இருந்தது ஒரு தகர ட்ரங்குப் பெட்டி. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. புதுச்சேரியில் யாரோ ஏற்றிவிட்டார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாற வேண்டும். மேம்பாலத்தின் படிக்கட்டடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு படிகூட ஏற்ற முடியவில்லை. பெட்டியை விட்டுவிட்டுப் போர்ட்டரைத் தேடிப் போகவும் பயம். அப்புறத்துப் பிளாட்பாரத்தில் மதுரை வண்டி நின்றிருந்தது. முன்பின் அறியாத ஒருவர், "கொடும்மா" என்று பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டார். என் பட்டப் படிப்புச் சான்றிதழ்கள் அத்தனையும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. அவரைக் காணாமல் நான் ஓடிய அந்த ஐந்து நிமிஷத்தை இன்னும் மறக்கவில்லை. அவர் உத்தமர், வண்டி வாசலில் பெட்டியோடு காத்திருந்தார். ஆயினும் என் எதிர்காலம் முழுவதும் ஐந்து நிமிஷம் ஓர் அந்நியரின் தோளில் இருந்ததற்குக் காரணம் அவரல்ல. என்னால் தூக்க முடியாத பெட்டியை நான் கொண்டு வந்ததுதான். தூக்க முடியாத சாமானை வைத்திருப்பவள், எப்போது நகர்வது, எந்த வழியாகப் போவது, யாரை நம்புவது என்ற தீர்மானங்களையெல்லாம் பிறரிடம் ஒப்படைத்துவிடுகிறாள்.

பெரியோரும் இந்தத் தொல்லைக்குத் தப்பவில்லை. 1931 ஆகஸ்டு 29-ந் தேதி, வட்ட மேஜை மகாநாட்டுக்காக மகாத்மா காந்தி பம்பாயில் 'ராஜபுதானா' கப்பல் ஏறினார். இடுப்பில் முழத்துண்டு கட்டியவருடைய கூட்டத்தாரிடம் எத்தனை பெட்டிகள் இருந்தன என்பது கப்பல் கிளம்பிய பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. அன்பர்கள் மனமுவந்து வழிக்குக் கொடுத்தவையும் அவற்றில் இருந்தன. மகாத்மா மனம் நொந்து கடிந்துகொண்டார். வேண்டாதவையெல்லாம் ஏடன் துறைமுகத்தில் இறக்கப்பட்டுத் திரும்பி வந்தன. மகாதேவ தேசாய் அந்தச் சங்கடத்தை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். ஏடன் வரை போன பிறகு நமக்கு ஞானம் வருவதைவிடப் பெரிய மார்க்கெட்டிலேயே வந்துவிடுவது சிக்கனம் அல்லவா?

பெண்மணிகளில் இந்தக் கலையில் தேர்ந்தவள் அமெரிக்கப் பத்திரிகைக்காரி நெல்லி பிளை. 1889 நவம்பர் 14-ந் தேதி நியூயார்க்கை விட்டுக் கிளம்பி, 72 நாளில் உலகத்தைச் சுற்றித் திரும்பினாள். உடுத்தியிருந்த கவுன் ஒன்று, மேலங்கி ஒன்று, கையில் ஒரு சிறு பை; அவ்வளவுதான். பையின் அடிப்பாகம் ஒன்றேகால் அடி நீளத்தைவிடச் சிறிது கூடுதல். அதற்குள்ளே தொப்பி, முகத்திரை, மாற்று உள்ளுடை, கைக்குட்டை, ஊசி நூல், மைக்கூடு, பேனா, காகிதம் எல்லாம் அடங்கின. அவளைப் படாத பாடு படுத்தியது ஒன்றே ஒன்றுதான். முகத்துக்குப் பூசும் களிம்பு ஜாடி. பையை மூட விடாமல் அது ஒவ்வொரு தடவையும் குறுக்கே நின்றதாம். கொழும்பில் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாள் காத்திருந்தபோதும் பெட்டி பெருக்கவில்லை. சிங்கப்பூரில் மட்டும் மனம் தளர்ந்து ஒரு குரங்கு வாங்கிவிட்டாள்! குரங்காவது தானே நடக்கும். குத்துவிளக்கு நடக்காது என்று என் பெண்ணிடம் சொன்னேன்.

ஆகவே முதலில் பெட்டி. நேரு வீதிக் கடைக்காரர் மூன்று பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்து, "செட்டாக எடுத்தால் மலிவு" என்று ஆசை காட்டினார். சக்கரம் வைத்த பெட்டி சிமெண்டுத் தரையில் சமர்த்தாக வரும். படிக்கட்டிலும் மேடு பள்ளத்திலும் அதை நாம்தான் சுமக்க வேண்டும். பெரிய பெட்டி காலியாக இருக்கும்போதே நான்கைந்து கிலோ இழுக்கிறது. எனவே நடுத்தரமான பெட்டி ஒன்று, இரு கையும் ஓய்ந்திருக்கும்படி முதுகில் மாட்டும் பை ஒன்று, இவ்விரண்டே போதும் என்று முடிவு செய்தோம். பெட்டியில் பார்க்க வேண்டியவை வர்ணமும் பளபளப்பும் அல்ல. கைப்பிடியின் ஆணி, பல் பூட்டின் ஓட்டம், சக்கரத்தின் அச்சு. கடையிலேயே பத்துத் தடவை திறந்து மூடி, பிடியை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். முன்னொரு தடவை நான் வெட்கப்பட்டு அப்படிச் செய்யாமல் வாங்கிய பெட்டியின் பிடி, முதற் பிரயாணத்திலேயே என் கையோடு வந்துவிட்டது.

ரயில்வேயாரின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் வகுப்பில் 35 கிலோ, ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.ஸி.யிலும் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு போகலாம். விமானக் கம்பெனிகள் உள்நாட்டில் பெரும்பாலும் பெட்டிக்கு 15 கிலோவும் கைப்பைக்கு 7 கிலோவும் அனுமதிக்கின்றன. ஆனால் இவை வண்டி தாங்கும் அளவுகள். நம் தோள் தாங்கும் அளவை எந்த அட்டவணையிலும் போட்டிருக்கவில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த தராசு வீட்டு மாடிப்படி. பெட்டியை நிரப்பிக்கொண்டு, நிற்காமல் மாடி வரை ஏறி இறங்க வேண்டும். மூச்சு வாங்கினால் ஒரு சாமானை எடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். இதைப் புறப்படும் நாளில் செய்யக் கூடாது. ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டும். புறப்படும் நாளில் எந்தச் சாமானும் அத்தியாவசியமாகவே தோன்றும்.

துணி விஷயத்தில் தமக்கைக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஏழு பட்டு எதற்கு? விசேஷத்துக்கு ஒன்று போதும். அந்த ஒன்றையும் பிளாஸ்டிக் உறையில் போடலாகாது. ஈரம் உள்ளே தங்கிச் சரிகை கறுத்துவிடும். சரிகை உட்புறமாக இருக்கும்படி மடித்து, கஞ்சியில்லாத பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஓரத்தில் வசம்புத் துண்டு ஒன்றை முடிந்து வைத்தால் பூச்சி அண்டாது. மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் மடித்த இடத்திலேயே பட்டு இற்றுப் போகும். மற்றவை எல்லாம் இரவில் துவைத்துக் காலையில் உடுத்தத் தக்க மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். துண்டும் அப்படியே. தடித்த பூந்துண்டு பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு, மழைக் காலத்தில் இரண்டு நாளானாலும் காயாமல் நாற்றமெடுக்கும். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய ஈரிழைத் துண்டு இரண்டு அதற்கு ஆகும் இடத்தில் கால் பங்கும் அடைக்கவில்லை. அது துவட்டும், தலையில் கட்டும், ரயிலில் போர்வையாகும், ஜன்னலுக்குத் திரையாகும். ஊக்கு, ஊசி நூல், கொடி கட்ட ஐந்து முழம் கயிறு இவை ஒரு சிறு டப்பியில் அடங்கும். விலை அற்பம், இல்லாதபோதுதான் அருமை தெரியும்.

துணியை அடுக்கும் முறையில் எங்கள் பாட்டி நிபுணி. அவளுக்குப் பிறந்தகம் கடலூர், புகுந்தகம் புதுச்சேரி. இருபது கிலோமீட்டர் சொச்சந்தான் தூரம். ஆனால் நடுவில் இரண்டு ராஜ்யங்களின் எல்லை இருந்தது. இது பிரெஞ்சு மண், அது வெள்ளையர் மண். எல்லையில் சுங்கச் சாவடிக்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லுவார். 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி இந்தியாவோடு சேரும் வரையில் இந்தக் கூத்து இருந்து வந்தது. பாரதியாரும் நண்பர்களும் இங்கிருந்து நடத்திய 'இந்தியா' பத்திரிகை எல்லைக்கு அப்பால் போகாமல் தடுக்கப்பட்டதையும், அதற்காகக் கட்டுகள் சோதிக்கப்பட்டதையும் நாம் சரித்திரத்தில் படிக்கிறோம். சரித்திரத்தில் இடம் பெறாத சோதனை ஒன்றும் உண்டு. பத்துப் பேர் பார்க்க ஒரு பெண்ணின் உள்ளாடையை அந்நிய ஆடவர் கிளறுவது. ஆகையால் பாட்டி ஒரு வழி செய்துகொண்டாள். உள்ளாடை முழுவதையும் பழைய தலையணை உறையில் போட்டு வாயை நாடாவால் கட்டிப் பெட்டியின் அடியில் வைப்பாள். மேல் தட்டில் மடித்த சேலைகள், அதன் மேல் குங்குமச் சிமிழ். திறந்தவுடன் ஒழுங்கும் மங்களமும் கண்ணில் பட்டால், தோண்டிப் பார்க்க எவனுக்கும் கை வராது என்பது அவளுடைய கட்சி. இப்போது விமான நிலையங்களில் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போதெல்லாம் பாட்டியின் தலையணை உறையை நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது குழம்புத் தூள். "அங்கே இதெல்லாம் கிடைக்குமா?" என்று தமக்கை கண் கலங்கினாள். கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் தமிழர் குடியேறி எத்தனையோ தலைமுறை ஆயிற்று. கிடைக்காத பொருள் இல்லை என்றேன். அவள் சமாதானமாகவில்லை. ஒருவகையில் அவள் பக்கமும் நியாயம் உண்டு. 1853-இல் மார்த்தினீக் தீவுக்கும், மறு ஆண்டில் குவாதலூப் தீவுக்கும் முதற் கப்பல் போய்ச் சேர்ந்ததிலிருந்து, இந்தப் பிரெஞ்சுக் கரையோரத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கரும்புத் தோட்டக் கூலிகளாய் அங்கே போனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அவர்கள் கையில் இருந்தது ஒரு துணி மூட்டையாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் அந்தத் தீவுகளில் இன்றைக்கும் 'கொலொம்போ' என்று ஒரு மசாலைக் கறி வழங்குகிறது. குழம்பு என்ற நம் சொல்லே அப்படித் திரிந்தது என்பர். மாரியம்மன் வழிபாடும் அங்கே பிழைத்திருக்கிறது. அவர்கள் நாலு கிலோ தூள் கட்டிக்கொண்டு போகவில்லை. இடிக்கத் தெரிந்துகொண்டு போனார்கள். ஆகவே தூளைக் கால் கிலோவாகக் குறைத்து, அளவு முறையைப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தோம். தமக்கை தன் கைப்பட எழுதினாள். "கொஞ்சம்", "கண் மட்டம்" என்று எழுதியிருந்த இடங்களில் நான் கரண்டிக் கணக்குப் போட்டேன்.

வழி உணவு மட்டும் நான் குறைக்கவில்லை. அது போகும்போதே தீர்ந்துவிடும் பாரம். முதல் நாளுக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் இரு புறமும் தடவிய இட்டலி. தேங்காய்ச் சட்டினி கூடவே கூடாது. மதியத்துக்குள் ஊசிப் போகும். மறு நாளுக்குப் புளியோதரை; எண்ணெய் சற்றுத் தாராளமாகவும், சோறு நன்றாக ஆறிய பிறகும் கலந்தால் கெடாது. தயிர்ச் சோறு வேண்டுமானால் பாலை நிறைய விட்டு ஒரு கரண்டி மோர் மட்டும் குத்திப் பிசைந்தால், சாப்பிடும் நேரத்துக்குத் தோய்ந்திருக்கும். அதை முதல் நாள் மாலைக்குள் தீர்த்துவிட வேண்டும். வாழையிலையைத் தணலில் வாட்டிக் கட்டினால் கிழியாது. சாப்பிட்டதும் இலையை எறிந்துவிட்டால் பாத்திரம் மிச்சமில்லை. அடுக்குத் தூக்கு, காலியான பிறகும் தில்லி வரை கூடவே வரும் என்பதை மறக்கக் கூடாது. பித்தளைக் கூஜாவைப் பற்றி என்ன சொல்ல? தண்ணீர் நிரப்பினால் மூன்று கிலோவுக்கு மேல். "பாட்டி காசிக்குக் கொண்டு போன கூஜா" என்று தமக்கை வாதாடினாள். பாட்டியோடு காசிக்குப் பதினோரு பேர் போனார்கள் என்பதை நினைவூட்டினேன்.

இன்னொரு விஷயம். குடும்பப் பத்திரிகைகளில் இதை எழுத நெடுங்காலம் கூசினார்கள். அதனால் நஷ்டப்பட்டவர்கள் பெண்கள்தாம். மாதவிலக்குக்கு வேண்டியவற்றை, நாள் கணக்கு எப்படி இருந்தாலும், பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைக்க வேண்டும். பிரயாணத்தின் அலைச்சலில் கணக்குத் தவறுவது சகஜம். அதோடு ஒரு மாற்றுடை, கறுப்புக் காகிதப் பை நாலைந்து, சிறு சோப்பு. நடுராத்திரி ரயிலில் பிறரை எழுப்பிப் பெட்டியை இழுத்துத் தேடுகிற அவதி வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, டாக்டர் சீட்டு, பேதிக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம், மாற்று மூக்குக் கண்ணாடி ஆகியவற்றுக்கும் கைப்பைதான் இடம்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்கலாகாது. சில்லறைச் செலவுக்கு வெளியில் எடுக்கும் பர்ஸ் ஒன்று. இடுப்போடு சேரும் சுருக்குப் பை ஒன்று. பர்ஸ் போனாலும் ஊர் போய்ச் சேரும்படி இருக்க வேண்டும். சான்றிதழ்களின் அசல் உடம்போடு ஒட்டிய பையில், நகல் பெட்டியில். நகை வேண்டாம். கண்ணாடி வளையலுக்கு என்ன குறைச்சல்? பெட்டியின் மேல் பெயரும் வீட்டு விலாசமும் கொட்டை எழுத்தில் எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தனியாகப் போகும் பெண்ணின் பெயரை வண்டியில் உள்ள அத்தனை பேரும் படிக்க வேண்டிய அவசியமில்லை. வெளியே ஒரு தொலைபேசி எண்ணும் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நாடாவும் போதும். முழு விலாசத்தை மூடியின் உட்புறத்தில் ஒட்டலாம். கீழ்ப் படுக்கைக்கு அடியில் பெட்டியைப் பிணைக்க வளையம் இருக்கிறது. சங்கிலியும் பூட்டும் பெரிய மார்க்கெட்டில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்பது 1890-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்திலேயே உண்டு. இப்போதும் நெடுந்தூர வண்டிகளில் ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு படுக்கைகள் மகளிர் ஒதுக்கீடாக உள்ளன. டிக்கெட் எடுக்கும்போது கேட்டுப் பெற வேண்டும். வழியில் தொல்லை நேர்ந்தால் 139 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். இவற்றையெல்லாம் பெண்ணுக்குச் சொன்னபோது, "தெரியும் சித்தி" என்றாள். தெரியும் என்று சொல்லுகிறவர்களிடமும் ஒரு தடவை சொல்லி வைப்பது ஆசிரியத் தொழிலின் தோஷம்.

மாடிப்படிப் பரீட்சை மூன்று நாள் நடந்தது. முதல் நாள் தலையணை இறங்கிற்று. இரண்டாம் நாள் மூன்று தடித்த புத்தகங்கள். அவை தபாலில் போயின. குத்துவிளக்கையும் அப்பளத்தையும் பற்றி மாமாவுக்கு நானே டெலிபோனில் சொன்னேன். "அடடா, அதற்கென்ன, நான் ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அவர் கேட்கவே இல்லையாம்! மூன்றாம் நாள் பெண் பெட்டியோடு ஒரே மூச்சில் மொட்டை மாடி வரை ஏறி, அங்கிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது பெட்டி 11 கிலோ, பை 4 கிலோ.

ஸ்டேஷனில் அவள் அப்பா பழக்கத் தோஷத்தால் பெட்டியைப் பிடுங்கப் போனார். "இருங்கள் அப்பா" என்று தானே தூக்கிப் படியேறினாள். தமக்கை அழவில்லை, "எத்தனை உருப்படி?" என்று கேட்கத்தான் வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

என் கணக்கும் ஒன்று பிழையாயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜூலை மாதப் புழுக்கத்தில், கம்பளி இப்போது எதற்கு, பிறகு அனுப்பலாம் என்று தள்ளிவிட்டேன். நவம்பர் பிறந்ததும் தில்லிக் குளிர் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு வாரம் அவள் ஈரிழைத் துண்டையும் சேலையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள். தமக்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறு நாளே இருவருமாகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்த் தடித்த துணியும் கோணி ஊசியும் சணலும் வாங்கி வந்து, கம்பளியும் சால்வையும் வைத்துப் பார்சல் தைக்க உட்கார்ந்தோம். பாதி தைத்த பிறகு, மூட்டை சற்றுக் கனமாக இருக்கிறதே என்று சால்வையின் மடிப்புக்குள் கையை விட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டில், துணியில் சுற்றிக் கட்டப்பட்டு, நடு மத்தியில் இருந்தது. தமக்கை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஊசியை எடுத்து மீதியையும் தைத்து முடித்தேன்.